மேல்மலை வீடு திறந்த பத்தொன்பது நாள்

மார்ச் 27, திங்கள்

வந்து சேர்ந்தாச்சு. வத்தலக்குண்டுல ஏழு மணிக்கு பஸ் ஏறி, கொடைக்கானல்ல மாறி, பூம்பாறை தாண்டி இறங்கி, மண் ரோட்டுல ஒன்றரை மைல் நடை. முட்டி ரெண்டும் தனித்தனியா வலிக்குது.

இந்த நோட்டு என் வீட்டுக்காரரோடது. உரக்கடையில இனாமா கொடுத்த டைரி. முதல் பக்கத்துல தனுஷ்கோடின்னு பேரு எழுதியிருக்கார், அதோட சரி. இருபத்திரெண்டு வருஷமா பங்குனி பிறந்ததும் மலையேறி வந்து இந்த வீட்டைத் திறக்கிற மனுஷன், எதை முதல்ல செய்யணும் எதை அப்புறம் செய்யணும்னு ஒரு வரி எழுதி வைக்கல. எல்லாம் மண்டைக்குள்ள. தை மாசம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனதுல அந்த மண்டையைத் திறக்க வழியில்லாம போச்சு. வாயில வர்றது நாலஞ்சு வார்த்தை. கிளம்பும்போது, ஏங்க, தண்ணியை முதல்ல திறக்கவா கரண்டை முதல்ல போடவான்னு கேட்டேன். "மேரி, மேரி"ன்னார். சாவி மேரிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கோவம்தான் வந்துச்சு. அதனால நான் எழுதுறேன். அடுத்த வருஷம் யாரையும் கெஞ்ச வேண்டாம்.

வீடு மாமனார் கட்டினது, இவருக்கும் இவர் அண்ணனுக்கும் பொது. அண்ணன் சீனிச்சாமி எனக்கு மூத்தார். ஐப்பசி மழைக்கு மண் ரோடு போயிரும், பூட்டிட்டு இறங்கிருவோம். பங்குனியில திறந்து சித்திரை ஒண்ணுலேர்ந்து சீசனுக்கு வாடகைக்கு விடுவோம். இப்ப கொடைக்கானல்ல ஒரு லாட்ஜ்காரர் பத்து வருஷ லீஸுக்குக் கேக்குறார். தம்பி படுத்துட்டான், குடுத்துரலாம்னுட்டார் மூத்தார். குடுத்துட்டா நானும் இவரும் மூத்தார் வீட்டுப் பின்கட்டுல கிடக்கணும். வர்றவங்களுக்குக் காபி கலக்கிக் கொடுத்தே என் காலம் முடியும்.

எங்க பக்கத்துல தம்பி பொண்டாட்டி மூத்தார்கிட்ட நேருக்கு நேர் பேசக்கூடாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல. ஏதாவது சொல்லணும்னா சுவத்தைப் பாத்துச் சொல்லுவேன். அவரும் சுவத்துக்கே பதில் சொல்லுவார். எங்க குடும்ப விஷயம் பூரா அந்தச் சுவத்துக்குத் தெரியும். போன மாசமும் சுவத்துகிட்டதான் சொன்னேன், சித்திரை ஒண்ணுக்கு ஆள் வர்றதா சொல்லியாச்சு, நானே போய்த் திறந்து காட்டுறேன்னு. சுவத்துக்குப் பதில் வந்துச்சு. "திறக்கட்டும். சித்திரை ஒண்ணுக்குள்ள ஆபத்தில்லாம, ஒழுங்கா திறந்து காட்டட்டும். இல்லேன்னா லீஸ்ல கையெழுத்துப் போட்டுருவேன்."

மேரி பக்கத்துக் காட்டுக்காரி, பூண்டு போட்டிருக்கா. சாவியைக் கொடுத்துட்டு, இன்னைக்கு உள்ள தங்காதீங்கக்கான்னா. கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்துவிட்டு, அஞ்சு மாசத்துக் காத்து வெளிய போகட்டும்னு வந்துட்டோம். அவ வீட்டுலதான் இன்னைக்குப் படுக்கை.

மார்ச் 28, செவ்வாய்

எலி குடும்பம் நடத்தியிருக்கு, பேரன் பேத்தி எடுத்திருக்கு. மெத்தை ஒண்ணு போச்சு. நான் விளக்குமாத்தை எடுத்தேன், மேரி கையைப் பிடிச்சுக்கிட்டா. காய்ஞ்ச புழுக்கையைக் கூட்டினா தூசி மூக்குல ஏறி காய்ச்சல் வருமாம். வாயில துணியைக் கட்டிக்கிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியைத் தெளிச்சு, ஊறவிட்டு, ஈரத்தோட அள்ளினோம். கதவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில எல்லாம் கம்பால தட்டிட்டுத்தான் கை வைக்கணும். ஒரு தேள். செருப்பால அடிச்சேன். நான் கத்தல.

இவர் ஒவ்வொரு வருஷமும் விரல்ல ப்ளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத்தான் மலையிறங்குவார். பாவம், என்ன பாடுபட்டிருப்பாரோன்னு இன்னைக்குத்தான் தோணுச்சு.

மார்ச் 29, புதன்

கேட்டுல காட்டுமாடு நிக்குது. அது போனாத்தான் நான் வெளிய போகமுடியும். போகல.

மார்ச் 30, வியாழன்

காட்டுமாடு காலையில போச்சு, போகும்போது வேலியையும் கூட்டிக்கிட்டுப் போச்சு.

இன்னைக்குத் தண்ணி. மேல ஊத்துலேர்ந்து டியூப் வழியா தண்ணி தொட்டிக்கு வரும். தொட்டி மூடி காத்துல நகர்ந்து, உள்ள ஒரு அணில் செத்து மிதந்துச்சு. இப்படியே திறந்துவிட்டிருந்தா வர்றவங்க அத்தனை பேரும் அணில் ரசம்தான் குடிச்சிருப்பாங்க. தொட்டியைக் காலி பண்ணி, தேய்ச்சுக் கழுவி, மருந்து போட்டு ஊறவச்சு, ரெண்டு தடவை நிரப்பி ரெண்டு தடவை வடிச்சோம். குழாய் எல்லாத்தையும் தெளிவா வர்ற வரைக்கும் ஓடவிட்டோம். குடிக்கிறது எப்பவும் கொதிக்க வச்சுத்தான்.

முதுகு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. ஆனா பசிச்சுச்சு. தைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டேன்.

மார்ச் 31, வெள்ளி

பூம்பாறையிலேர்ந்து வயர்மேன் வந்தார். வந்தவர் முதல்ல கேட்டது, "மெயினைப் போட்டுட்டீங்களா?" இல்லேன்னேன். "புண்ணியம்மா"ன்னார். ஹீட்டருக்கு மேல வயரை எலி கடிச்சு வெறும் கம்பி தெரிஞ்சுச்சு. மாத்தினார். தொட்டி ரொம்பி, வெந்நீர்க் குழாயில தண்ணி வந்ததைப் பாத்த பிறகுதான் ஹீட்டர் போடணும், காலி ஹீட்டர் வெடிச்சிரும்னு ரெண்டு தடவை சொன்னார். எழுதிக்கிட்டேன். கேஸ் டியூப்லயும் எலிப்பல். புதுசு மாட்டி சோப்பு நுரை தடவிப் பாத்தோம், குமிழ் வரல.

எல்லா லைட்டையும் போட்டுட்டு வெளிய போய் நின்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு வீடு.

ஏப்ரல் 1, சனி

இன்னைக்கு என் புத்தி கெட்டுப் போச்சு. தண்ணி வந்துருச்சு, கரண்டு வந்துருச்சு, நாம கில்லாடின்னு நெனச்சுக்கிட்டேன். மத்தியானம் குளிருச்சுன்னு மேரியைக் கேக்காம ஹால் கணப்பு அடுப்புல விறகை அடுக்கிப் பத்த வச்சேன். மேல போக வேண்டிய புகை அப்படியே திரும்பி வீட்டுக்குள்ள வந்துச்சு. கண்ணு தெரியல. தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்து விழுந்தேன். மேரி காட்டுலேர்ந்து ஓடிவந்து மண்ணை அள்ளிப் போட்டு அணைச்சா. ஏணியைச் சாத்தி கிடுகிடுன்னு கூரையேறி, புகைக்கூண்டுல கையைவிட்டு ஒரு சாக்கை உருவி எறிஞ்சா. மூடும்போது குருவி கூடு கட்டாம இருக்க அடைச்சு வைக்கிறதாம். திறக்கும்போது அதை எடுத்துட்டு, ஒரு பேப்பரைக் கொளுத்திப் பிடிச்சு, புகை மேல இழுக்குதான்னு பாத்துட்டுத்தான் விறகு வைக்கணும்.

விறகுப்புகை நல்ல புகைக்கா, கண்ணு எரியும், எந்திரிச்சு ஓடிருவோம்னா. அடுப்புக்கரிதான் மோசம். புகையே வராது, தூக்கம்தான் வரும். ரெண்டு வருஷம் முன்னாடி கீழ்ரோட்டு வாடகை வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ள வச்சுக் கதவைச் சாத்திப் படுத்தவங்க எந்திரிக்கவே இல்லையாம்.

நான் கேட்டேன், இவரும் இப்படித்தான் ஏறிச் சாக்கை எடுப்பாரான்னு. மேரி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. சொல்லுடின்னேன்.

"அண்ணன் எங்கக்கா ஏறினாரு? ஒரே ஒரு தடவை ஏறினாரு. மூணாவது படியில நின்னு மாதாவே மாதாவேன்னு எங்க சாமியைக் கூப்பிட்டாரு. நாந்தான் இறக்கிவிட்டேன். அதுலேர்ந்து நான் வேலை பாப்பேன், அண்ணன் டீ போடுவாரு. நல்லா போடுவாரு."

தண்ணித் தொட்டி? மேரி. எலி? மேரி. ப்ளாஸ்திரி? இஞ்சி நறுக்கும்போது வெட்டிக்கிட்டதாம்.

இருபத்திரெண்டு வருஷம்! மலையிறங்கி வந்து மெத்தையில காலை நீட்டி, கூரை மேல காத்து எப்படி அடிச்சுச்சு தெரியுமான்னு சொல்லுவாரு. நான் வெந்நீர் வச்சுக் கால் அமுக்கிவிடுவேன். வெளிய உக்காந்து கொஞ்ச நேரம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். புகை.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்து ஞாயிறு. மேரி கோயிலுக்குப் போயிட்டா. இவரைப் பெரியக்கா, அதான் மூத்தார் சம்சாரம், பொறுப்புலதான் விட்டுட்டு வந்திருக்கேன். அவளுக்குப் போன் போட்டு இவர் காதுல வைக்கச் சொன்னேன். நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னுதான் போட்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "மேரி?"ன்னார்.

சாவிக்காகச் சொல்லல. மேரியைக் கேளு, அவளுக்குத்தான் தெரியும்னு கிளம்பும்போதே சொல்லியிருக்கார். மானத்தைவிட்டு, இருக்குற நாலு வார்த்தையில ஒண்ணைச் செலவழிச்சுச் சொல்லியிருக்கார். நான்தான் எரிஞ்சு விழுந்துட்டு பஸ் ஏறியிருக்கேன்.

மேரி சொன்னான்னேன். எல்லாம் சொன்னான்னேன். கஞ்சி குடிச்சீங்களான்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.

ஏப்ரல் 3, திங்கள்

ஏறினேன். பதினோரு படி. மேரி கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டா. ஏணி அடியில கல் முட்டுக் கொடுத்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கீழ பாக்காம ஏறினேன். ஓடு ஏழு உடைஞ்சிருக்கு, ஏழையும் நானே மாத்தினேன். மேல உக்காந்தா மேரியோட பூண்டுக்காடு பச்சைப் பாய் விரிச்ச மாதிரி தெரியுது. காத்து எப்படி அடிச்சுச்சு தெரியுமா? எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 5, புதன்

மழை. மெத்தை உறை, திரைச்சீலை, போர்வை எல்லாம் ஈரம். வெளி வராந்தாவுல இரும்புச் சட்டியில கரியைப் போட்டு, சுத்தி நாற்காலி வச்சு உலர்த்துறேன்.

பெரியக்கா போன். மூத்தார் வெள்ளிக்கிழமையே வர்றாராம், லாட்ஜ்காரரையும் கூட்டிக்கிட்டு. சித்திரை ஒண்ணு வரைக்கும் தவணைன்னு சொன்னவரு. ஏன் இந்த அவசரம்னு கேளுங்கக்கான்னேன். நீயே கேளுன்னு சிரிச்சா. கேக்கமுடியாதுன்னு தெரிஞ்சுதான் சிரிச்சா.

ஏப்ரல் 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதணும்.

புனித வெள்ளி, மேரி கோயில்ல. பன்னெண்டு மணிக்குக் கார் வந்துச்சு. மூத்தார், லாட்ஜ்காரர், டிரைவர். தூத்தல், பனிமூட்டம், உறை இன்னும் வராந்தாவுல கரிச்சட்டியைச் சுத்திக் காயுது. நான் கதவோரம் ஸ்டூல்ல டீயை வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். லாட்ஜ்காரர் டிரைவரைக் கூட்டிக்கிட்டு எல்லைக்கல்லு, ஊத்து எல்லாம் பாக்கப் போனார். மூத்தாருக்குக் குளிர் ஆகாது. குல்லாயும் சால்வையுமா சின்ன ரூமுக்குள்ள போனார். அவர் நடமாடுற சத்தம் கேட்டுச்சு, ஜன்னல் சாத்துற சத்தமும் கேட்டுச்சு. நான் எட்டிப் பாக்கல. மரியாதை.

அரைமணி கழிச்சு உறை எடுக்க வராந்தாவுக்குப் போனேன். கரிச்சட்டியைக் காணோம். சின்ன ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. வெளிய நின்னு சுவத்துகிட்ட சொன்னேன், ரூமுக்குள்ள கரி வச்சா ஆகாது, வெளிய எடுத்து வச்சிரலாம்னு. உள்ளேயிருந்து சுவத்துக்குப் பதில் வந்துச்சு, புகையே இல்லையே, வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்குன்னு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? திரும்பி அடுப்படிக்குப் போயிட்டேன். கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டு அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னேன். யாரு கிட்ட சொல்லிச் சொல்ல வைக்கிறதுன்னு யோசிச்சேன். மேரி இல்ல. டிரைவர் இல்ல. சாகப் போற மனுஷனுக்குச் சேதி சொல்ல ஆள் தேடினேன். இதை எழுத வெக்கமாத்தான் இருக்கு.

மறுபடி போனேன். சுவத்துகிட்ட அதையே சொன்னேன். இந்தத் தடவை பதில் இழுத்து இழுத்து வந்துச்சு. தலை கனக்குது, கொஞ்சம் கண்ணசந்துக்குறேன்னு ஏதோ. வார்த்தை குழறுச்சு. அந்தக் குழறல் எனக்குத் தெரியும். தை மாசம் காலையில, பல் விளக்கிட்டு வந்து இவர் பேசின குழறல் அது. அன்னைக்கு நான் தூக்கக் கலக்கம்னு நெனச்சு ஒரு மணி நேரம் விட்டுட்டேன்.

கதவைத் தள்ளினேன். ஜன்னல் ரெண்டையும் அடிச்சுத் திறந்தேன். மூத்தார் நாற்காலியில சாய்ஞ்சு கிடக்கார், காலடியில கரி செக்கச்செவேல்னு இருக்கு.

"மாமா, எந்திரிங்க. வெளிய வாங்க."

கண்ணைத் திறந்து பாத்தார். பேசினது யாருன்னு தேடுறார். எந்திரிக்கப் பாத்தார், காலு மடங்கிருச்சு. அக்குளுக்கு அடியில கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

"தொடாதம்மா..."

"வாயை மூடிக்கிட்டு நடங்க மாமா."

இருபத்தாறு வருஷம் சேத்து வச்சுப் பேசின முதல் பேச்சு இதுதான். இழுத்துக்கிட்டு வந்து வாசல் கல்லுல உக்கார வச்சேன். மழை பேஞ்சுச்சு, பேயட்டும்னு விட்டுட்டேன். வாந்தி எடுத்தார். முதுகைத் தடவினேன். தூங்கக்கூடாது, எம்பேரு என்ன சொல்லுங்கன்னு அதட்டிக்கிட்டே இருந்தேன். மூணாவது தடவைதான் சொன்னார், அமராவதின்னு.

அப்பத்தான் லாட்ஜ்காரர் வந்தார். நின்னு பாத்தார். பாத்தீங்களா சார், லேடீஸ் தனியா நடத்துற இடமில்ல இது, இந்த வீடே ஆபத்துன்னார். பதில் சொல்ல எனக்கு நேரமில்ல. டிரைவரை வரச்சொல்லி, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டே ஓட்டு, ஆஸ்பத்திரியில கரி விஷம்னு முதல்லயே சொல்லிருன்னு அனுப்பினேன்.

கார் போன பிறகு கரிச்சட்டியை எடுத்து வந்து தண்ணி ஊத்தினேன். வந்தவர் கண்ணுல நல்லது எதுவும் படல. புது ஓடு படல, தொட்டி படல. இந்த வீட்டுல செத்துப் பொழச்சார், அது ஒண்ணுதான் நிக்கும். கரிச்சட்டியை வராந்தாவுல விட்டு வச்சது நான்தானே. போச்சு.

ஏப்ரல் 8, சனி

பெரியக்கா போன். மூணு மணி நேரம் ஆக்ஸிஜன் வச்சாங்களாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்துட்டார், யாருகிட்டயும் பேசலையாம். லாட்ஜ்காரர் ரெண்டு தடவை வந்துட்டுப் போனாராம்.

வேலி கட்டினேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மேரி ஈஸ்டர் கேக் கொண்டுவந்தா. நடந்ததைக் கேட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. வீடு போயிரும்டி மேரின்னேன். போனா போகுது, ஆள் பொழச்சுச்சுல்லன்னா. அவளுக்குச் சுலபம். எனக்கு வீடும் வேணும்.

ஏப்ரல் 11, செவ்வாய்

சாயங்காலம் போன். பெரியக்கா நம்பர். எடுத்தா யாரும் பேசல. வச்சிரலாம்னு பாத்தேன்.

"அமராவதி."

மூத்தார். எனக்கு நின்ன இடத்துலேயே கூசிப்போச்சு. சொல்லுங்க மாமான்னேன்.

வீட்டைத் திறக்க என்னென்ன செஞ்சேன்னு முதல்லேர்ந்து சொல்லுன்னார். நோட்டை எடுத்துக்கிட்டு வெளிச்சத்துக்கு வந்து படிச்சேன். காத்து விட்டது, எலி, தேள், அணில், தொட்டி, ஹீட்டர், கேஸ், புகைக்கூண்டு, ஓடு. ஒரு மணி நேரம் படிச்சேன். நடுவுல ஊம் கொட்டினார். காலி ஹீட்டர் வெடிக்குமான்னு ஒரு தடவை கேட்டார். ஆமான்னேன். வெள்ளிக்கிழமை எழுதினதையும் விடாமப் படிச்சேன், அடுப்படிக்குத் திரும்பிப் போனது, கரிச்சட்டி, எல்லாம். ஏப்ரல் ஒண்ணாந் தேதியில சாக்கு வரைக்கும் படிச்சேன், மேரி சொன்னதை மட்டும் தாண்டிட்டேன். ரெண்டாந் தேதியையும் தாண்டிட்டேன். இதெல்லாம் தம்பி வருஷா வருஷம் தனியாவா செஞ்சான்னு கேட்டார். "மேரியும் கூட இருப்பா மாமா"ன்னேன். பொய் இல்ல.

அவரே ஆரம்பிச்சார்.

"ஜன்னலைச் சாத்தினது நான். சட்டியை உள்ள தூக்கிட்டுப் போனதும் நான். நீ ரெண்டு தடவை சொன்ன. நான் சுவருக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்." அப்புறம் சொன்னார். "லாட்ஜ்காரர்கிட்ட இல்லேன்னு சொல்லிட்டேன். வீட்டை நீ நடத்து."

என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. போனை வச்சுட்டு மேரி காட்டுக்கு ஓடினேன், முட்டி வலி ஒண்ணும் தெரியல. ரெண்டு பேரும் பூண்டுப் பாத்திக்கு நடுவுல நின்னு குதிச்சோம். நாப்பத்தொம்போது வயசுல குதிச்சேன். நல்லா அழுதேன். இன்னைக்குப் புகை இல்ல.

ஏப்ரல் 13, வியாழன்

மூத்தார் காருல இவரைக் கூட்டிக்கிட்டு வந்தார். கைத்தாங்கலா இறக்கி, ஒவ்வொரு ரூமா காட்டினேன். குழாயைத் திறந்து காட்டினேன். அடுப்புல பேப்பரைக் கொளுத்திப் புகை மேல போறதைக் காட்டினேன். இடது கையால சுவத்தைத் தடவிக்கிட்டே வந்தார். பின்வாசல்ல மேரி நின்னா. அவளைப் பாத்தார், என்னைப் பாத்தார், தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

ஏணி அங்கதான் இருக்குங்க, ஏறுறீங்களான்னு காதோரமா கேட்டேன். ஒரு நிமிஷம் முழிச்சார். அப்புறம் சிரிச்சார் பாருங்க, தோளு குலுங்கக் குலுங்க, கண்ணுல தண்ணி வர. தைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேக்கல. சிரிப்பு மட்டும் குழறவே இல்ல. என்னடா விஷயம்னு மூத்தார் ஹால்லேர்ந்து கேட்டார். ஒண்ணுமில்ல மாமான்னேன், நேராவே.

ஏப்ரல் 14, வெள்ளி, சித்திரை ஒண்ணு

பத்து மணிக்கு வேன் வந்துச்சு. விருதுநகர்க்காரங்க, எட்டு பேர். நான் தொட்டி மூடி மேல கல்லு வச்சுட்டு, கையெல்லாம் பாசியோட வீட்டைச் சுத்தி வந்தேன். வராந்தாவுல அண்ணன் ஒரு நாற்காலி, தம்பி ஒரு நாற்காலி. ரெண்டு பேரும் வெள்ளை வேட்டி. வேன்லேர்ந்து இறங்கின பெரியம்மா நேரா அவங்ககிட்ட போய்க் கும்பிட்டு, இங்க ஓனர் யாருங்கன்னு கேட்டாங்க.

மூத்தார் கையை நீட்டினார். இவரும் இடது கையைத் தூக்கி நீட்டினார். ரெண்டு கையும் என் பக்கம் இருந்துச்சு.

பாசியை முந்தானையில தொடைச்சுக்கிட்டு, நான்தாங்க, உள்ள வாங்கன்னேன்.